துரைக்கு மருந்து நேரம்

காப்பகத்துப் பூனை துரைக்குப் பிறவியிலேயே கண் தெரியாது. ஆள் வருவது தெரியட்டுமே என்று பராமரிப்புக்கார அக்கா தன் செருப்பில் மணி கட்டியிருந்தாள். மருந்து நேரத்தில் அந்த மணி கேட்டால் போதும், துரை மாயமாகிவிடுவான்.

இன்று செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, மருந்துச் சிரிஞ்சை முதுகுக்குப் பின்னால் ஒளித்தபடி அக்கா பதுங்கிப் பதுங்கி உள்ளே வந்தாள். கட்டிலடி, அலமாரி, துணிக்கூடை, எங்கேயும் ஆளைக் காணோம்.

"எங்கடா போய்த் தொலைஞ்சே?"

வாசலில் டாக்டர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "உங்க பின்னாடியேதான் சுத்தறான் அக்கா. நீங்க நின்னா அவனும் நிக்கறான். அது சரி, கண் தெரியாதவன்கிட்ட சிரிஞ்சை எதுக்கு ஒளிக்கிறீங்க?"

அக்காவுக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. "கண் தெரியாதவன் மாதிரியா டாக்டர் நடந்துக்கறான் இவன்?"