பன்னிரண்டு பிளக்

விடியப்புறம் நாலரைக்கே றொசாந்தி வீட்டு முன்னறையில் இரண்டு தையல் மெசின்களும் இரையத் தொடங்கிவிடும். யாழ்ப்பாணத்துக் குருநகரில் இரு பக்கமும் வீடுகள் நெருங்கிய அந்த ஒழுங்கைதான் கறண்ட் வந்து சேரும் கடைசி இடம். ஆறு மணிக்கு அயல் வீடுகளில் தண்ணீர் மோட்டரும் கேத்திலும் போட்டால் வோல்ற் இறங்கி, மெசின் இழுக்கமாட்டாமல் முனகும். அதற்கு முன்னரே பள்ளிக்கூடப் பைகளின் தடித்த துணியை ஊசிக்குக் கொடுத்துத் தள்ளவேண்டும். துணித் தூள் மூக்கை அடைக்கும், நகத்தடி வெடிக்கும், கழுத்து மரத்துப்போகும். கால் மட்டும் மிதியை விட்டு எழும்பக்கூடாது.

"அக்கா, என்ரை மோட்டரிலை முட்டை பொரிக்கலாம்," என்றாள் ஜெசிதா.

"பொரி. எனக்கும் ஒண்டு வை."

ஜெசிதா பக்கத்து வீட்டு லூர்த்தம்மாவின் ஒரே மகள். அவர்கள் வீட்டுக்குக் கறண்ட் மீற்றர் இல்லை. றொசாந்தி வீட்டிலிருந்து போன வயரில் ஒரு பல்ப் எரிந்தது, அவ்வளவுதான். அதனால் இங்கே வந்து தைத்தாள். மீற்றருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, இந்தா வரும், நாளைக்கு வரும் என்று ஓயாமல் கதைத்துக்கொண்டிருந்தாள்.

மெசின்கள் சுன்னாகத்து நடராசாவுடையவை. கனடாவில் மூடப்பட்ட ஒரு தொழிற்சாலையிலிருந்து அவருடைய தமையன் கப்பலில் போட்டு அனுப்பிய பழைய சாமான். ஒழுங்கையில் பன்னிரண்டு பெண்களுக்குப் பன்னிரண்டு மெசின். இங்கத்தைக் கறண்டைப் பாதியாக்கிக் கொடுக்க ஒவ்வொன்றுக்கும் ஒரு ட்ரான்ஸ்போமர் பெட்டி. பிளக்கில் மூன்று பின், பெட்டியில் இரண்டு துளை. நடராசாவின் ஆள் குறடு ஒன்றை எடுத்து மூன்றாவது பின்னை முறித்துப் போட்டுவிட்டு, "இப்ப சரி" என்றான். எல்லாரும் பார்த்துக்கொண்டுதான் நின்றார்கள்.

நாளுக்கு அறுபது பை என்பது நடராசாவின் சட்டம். கனடாவில் இதே மெசினில் அறுபது தைத்தார்களாம். இங்கே கால் எரிய எரிய மிதித்தாலும் ஐம்பதைத் தாண்டாது. "வெளிநாட்டுக் காசு வந்து வந்து உங்களுக்கு உடம்பு வளையுதில்லை," என்று சொல்லிக் கூலியை வெட்டினார். வெளிநாட்டில் ஒரு சொந்தமும் இல்லாத ஜெசிதா அதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

அறுபதைப் பிடிக்க மெசினை ஓயவிடாமல் ஓட்டினார்கள். மோட்டர் கொதித்தது. ஈரச் சாக்கை அதன்மேல் போட்டார்கள். ஈரம் பட்டதும், கறண்ட் கசிந்தால் வெட்டிவிடவென்று சுவரிலிருந்த றிப் சுவிச் விழுந்து கறண்ட் நின்றது; ஒரு நாளில் ஏழெட்டுத் தரம். கடைசியில் றொசாந்திதான் புருஷனிடம் சொன்னாள்: "இஞ்சருங்கோ, உது விழாமல் ஏதாவது செய்யுங்கோ." மீன்பிடித்துவிட்டுக் கடலால் வந்த களைப்போடு றோய் ஒரு துண்டு வயரைக் குறுக்கே கொழுவிவிட்டான். பிறகு றிப் விழவில்லை.

கார்த்திகை மழையில் நிலம் கசிந்திருந்த ஒரு விடியலில் ஜெசிதா சாக்கை நனைத்துக் கொண்டுவந்து மோட்டரில் போட்டாள். சத்தமே வரவில்லை. கை ஒட்டியபடி நின்றாள். றொசாந்தி பிளக்கை இழுத்து எறிந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. இருபத்தாறு வயது.

ஆட்கள் கூடமுன் றோய் அந்த வயர்த் துண்டைக் கழற்றிப் பொக்கற்றில் போட்டான். றொசாந்தி அதைப் பார்த்தாள். ஒருவருக்கும் சொல்லவில்லை.

எட்டாம் நாள் செபத்தன்று மீற்றர் வந்தது. பொருத்த வந்தவர்கள், "ஜெசிதா ஆர்? கையெழுத்து வைக்கவேணும்," என்று கேட்டார்கள். லூர்த்தம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அடுத்த நாள் இணுவிலிலிருந்து வயறிங் வேலைக்காரன் சிவகரனைக் கூப்பிட்டார்கள். அவன் ஜெசிதாவின் மெசினைப் புரட்டி, மோட்டரில் பதித்திருந்த தகட்டைத் துடைத்து வாசித்தான்.

"அக்கா, இதிலை அறுபது ஹேர்ட்ஸ் எண்டு கிடக்கு, கறண்ட் செக்கனுக்கு அறுபது தரம் துடிக்கிற கணக்கு. எங்கடை கறண்ட் ஐம்பது. பெட்டி வோல்ற்றைத்தான் குறைக்கும், உதை மாத்தாது. அங்கை ஆறு தரம் சுத்துற நேரத்திலை இஞ்சை அஞ்சு தரந்தான் சுத்தும். சூடும் கூட."

"அப்ப அறுபது பை?" என்று கேட்டாள் றொசாந்தி.

"தலைகீழாய் நிண்டாலும் வராது."

பிறகு பிளக்கைத் திருப்பிப் பார்த்தான். "இந்தப் பின்னை ஆர் முறிச்சது? கசியிற கறண்டை நிலத்துக்குக் கொண்டுபோற ஏர்த் இதாலையல்லோ போகவேணும்." பிளக்கை வெட்டியெடுத்து லூர்த்தம்மாவின் கையில் கொடுத்தான்.

ஞாயிறு பூசை முடிய நடராசா லொறியோடு வந்தார். பெண்கள் லூர்த்தம்மா வீட்டு முற்றத்தில் கூடினார்கள். அவர் கையில் ஒரு கட்டுக் கடதாசி.

"நடந்தது பெரிய துக்கந்தான். ஆனால் மெசினிலை பிழையில்லை, வீட்டு வயறிங்கிலைதான் பிழை எண்டு எல்லாரும் கையெழுத்து வையுங்கோ. வைக்காட்டி மெசினை ஏத்துறன். வேறை ஊரிலை ஆக்கள் காத்துக்கொண்டு நிக்கினம்."

"மோட்டர் அஞ்சிலை ஓடுது அண்ணை, நீங்கள் ஆறு கேட்டனீங்கள்," என்றாள் ஒழுங்கை முகப்பு வீட்டு ஸ்ரெல்லா.

"உந்தப் படிப்பெல்லாம் எனக்கு வேண்டாம் தங்கச்சி. றிப் சுவிச் இருக்கிற வீட்டிலை ஆள் எப்பிடிச் சாகும்? உவள் றொசாந்தி ஏதோ செய்திருக்கிறாள். கேளுங்கோ."

எல்லாக் கண்களும் றொசாந்தியிடம் திரும்பின. ஓமென்றால் லூர்த்தம்மாவின் முகத்தில் இனி எப்படி விழிப்பது? இல்லையென்றால் ஜெசிதாவின் முகம் விடாது. இத்தனை நாளும் அவளைத் தின்றது அதுதான்.

"ஓம். றிப் விழாமல் வயர் கொழுவச் சொன்னது நான்தான்," என்றாள். "மாமி, உங்கடை பிள்ளை... நான்தான் சொன்னனான்."

லூர்த்தம்மா எழும்பி வீட்டுக்குள் போய்விட்டாள்.

நடராசா பேனையை நீட்டினார். "பாத்தியளே? ஒரு வீட்டின்ரை பிழை."

ஸ்ரெல்லாதான் மெதுவாக வாய் திறந்தாள். "எங்கடை வீட்டிலையும் கொழுவியிருக்கு."

"எங்கடையிலையும்."

"நான் ஆணி வைச்சு இறுக்கினனான்."

ஒவ்வொருத்தியும் தன் வீட்டில் மட்டும் நடக்கிற களவு என்று ஒளித்து வைத்திருந்தாள். ஒழுங்கையில் மெசின் ஓடிய ஒரு வீடு மிச்சமில்லை. எல்லாரையும் ஒரே பிழைக்குள் தள்ளியது எது என்று இனிச் சின்னப்பிள்ளைக்கும் விளங்கும்.

"ஏன் கொழுவினனாங்கள்? உங்கடை அறுபதுக்காக," என்றாள் றொசாந்தி. "ஒருத்தரும் கையெழுத்து வைக்கமாட்டம். ஏர்த் தந்து, இஞ்சத்தைக் கறண்டுக்கு மோட்டர் மாத்தி, மாமிக்கு ஒரு வழி சொல்லுமட்டும் தைக்கவும் மாட்டம்."

"அப்ப ஏத்துறன்."

"ஏத்துங்கோ. முறிச்ச பிளக் எங்களிட்டை இருக்கும். நாளைக்குத் தொழில் கந்தோரிலை அதிகாரியளுக்குக் காட்டுவம்."

பெண்கள் வீடுகளுக்கு ஓடினார்கள். பிளக்கைக் கழற்றி, துணி வெட்டும் கத்தரிக்கோலால் வயரை நறுக்கிக்கொண்டு திரும்பி வந்தார்கள். தைத்து முடித்த ஒரு பள்ளிக்கூடப் பையை விரித்துப் பிடித்தாள் ஸ்ரெல்லா. ஒவ்வொன்றாய் விழுந்தன. பதினொன்று.

லூர்த்தம்மா வெளியே வந்தாள். செபமாலையோடு சுற்றி வைத்திருந்த பிளக்கைப் பிரித்தெடுத்துப் பைக்குள் போட்டாள். அவள் தலைக்கு மேலே, புது மீற்றரில் இன்னும் ஒரு யூனிற்றும் ஓடவில்லை. றொசாந்தி நிலத்தில் குந்தியிருந்து ஏங்கி ஏங்கி அழுதாள்.

லூர்த்தம்மா அவளைத் தொடவில்லை. முகத்தைப் பார்க்கவும் இல்லை.

"என்னாலை இண்டைக்கு உன்னோடை கதைக்கேலாது பிள்ளை," என்றாள். "விடியக் கந்தோருக்கு எத்தினை மணிக்கு வெளிக்கிடுறியள்? நானும் வாறன்."