கல்லில் பூத்தது

1
இந்தக் கதை என் சொந்தச் சரக்கு இல்லை. புதுச்சேரியிலிருந்து மரக்காணம் போகும் பேருந்தில் ஒட்டுக்கேட்டது. முன் சீட்டுப் பெண் போனை ஸ்பீக்கரில் போட்டுப் பேசினால் நான் காதை எங்கே கழற்றி வைப்பது?

2
முதல் தொடக்கம்: ‘உப்பளத்தின் மீது வெயில் வெள்ளையாக...’ வேண்டாம். எல்லோரும் எழுதியாயிற்று.

இரண்டாவது: முன் சீட்டுப் பெண் வைஜெயந்தி, ஆராய்ச்சி மாணவி. எரிவாயுவுக்காக, பூமிக்கடியில் ஷேல் என்னும் களிப்பாறையை, அமிலமும் மருந்தும் கலந்த நீரை அழுத்திச் செலுத்திப் பிளப்பார்கள். அந்த நீரே பாறையோடு வினைபுரிந்து, படிகமாகி, திறந்த விரிசலை அடைத்துவிடுவதும் உண்டு. அடைக்காத நீரைக் கண்டுபிடிப்பதுதான் அவள் வேலை. இந்த முறையும் அடைத்துவிட்டது. திங்கட்கிழமை கூட்டத்தில் இதைச் சொன்னால் ஆராய்ச்சியை நிறுத்திவிடுவார்கள்.

(இவ்வளவும் தோழி கலைமதியிடம் அவள் புலம்பியது. நான் விஞ்ஞானி இல்லை.)

3
அடுத்து அம்மாவுக்குப் போட்டாள். அம்மா பொன்னி உப்பளத்தில் வேலை செய்கிறவர்.

“என்னாச்சுடி?”

“கல்லுல பூத்துடுச்சும்மா.”

அழுகையை அடக்கிக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் பாத்தியில் உப்பு படிகமாவதைத்தான் ‘பூத்துடுச்சு’ என்பார்கள்; உப்பளத்துக்காரர்களுக்கு அதைவிட நல்ல சேதி எது?

“பூத்துடுச்சா! ஏ ஆரோக்கியசெல்வி, எம்பொண்ணு கல்லுலயே பூக்க வெச்சிட்டாடி!”

அங்கே பெண்கள் போட்ட கூச்சலில் கண்டக்டரே திரும்பிப் பார்த்தார்.

“அதில்லம்மா, அது பூக்கவே கூ...”

நிறுத்திவிட்டாள். பிறகு, “ஆமாம்மா. பூத்துடுச்சு,” என்றாள்.

4
‘பெற்ற தாயிடம் பொய் சொன்னாள்’ என்று இந்த இடத்தில் எழுதி, அடித்துவிட்டேன். காரணம், உடனே அவள் மறுபடி கலைமதியைக் கூப்பிட்டாள்.

“ஏய், பழைய கேஸ் கெணத்துல விரிசல் வழியா கழிவுத்தண்ணி மேல வந்து குடிதண்ணியில கலக்குதுல்ல? அங்க இதையே பூக்க வெச்சா?”

“அடைச்சிக்கும்... ஏய், அடைச்சிக்கும்டி!”

எனக்கு எழுந்து கைதட்ட வேண்டும்போல் இருந்தது. ஒட்டுக்கேட்டவன் கைதட்டினால் மாட்டிக்கொள்வான்.

5
முடிவு ஒன்று: ஆராய்ச்சியை நிறுத்துகிறார்கள். எழுத மனம் வரவில்லை.
முடிவு இரண்டு: விருது, மாலை, பொன்னாடை. எனக்கே சிரிப்பு வருகிறது.

நான் மரக்காணத்தில் இறங்கிவிட்டேன். திங்கட்கிழமை கூட்டத்தில் அவளுடைய ஆராய்ச்சி வழிகாட்டி கேட்பார்: “என்னம்மா ஆச்சு?” அடைத்துவிட்டது என்பாளா, பூத்துவிட்டது என்பாளா? நடந்தது ஒன்றுதான், சொல்தான் இரண்டு. ஒன்றை நீங்கள் எடுத்து அவள் வாயில் வையுங்கள்.

அதற்குள் பொன்னி உப்பளம் முழுக்கச் சொல்லிவிட்டிருப்பார்.