நான்கு விரல் மடிப்பு

வீட்டின் முன்னறைதான் தையல்கடை. பள்ளி திறக்கும் சமயத்தில் அங்கே கால் வைக்க இடம் இருக்காது. எங்கு பார்த்தாலும் நீலச் சீருடைத் துணி. பையன்களுக்கு அளவெடுக்கும்போது அம்மா எதுவும் கேட்பதில்லை. பெண்பிள்ளை வந்தால் மட்டும், கூட வந்தவரிடம் குரலைத் தாழ்த்தி, "அடுத்த வருஷமும் உண்டா?" என்பாள். படிப்பு உண்டு என்றால் பாவாடையின் அடியில் நான்கு விரல் மடிப்பு. பிள்ளை வளர வளரப் பிரித்துவிடலாம். இல்லை என்றால் ஒரு விரல்தான். துணி மிச்சம்.

மகளுக்கு இது தெரியும். மெலிந்த உடம்பு, குத்துகிற வாய். அதனால் அவளை எல்லோரும் ஊசி என்றார்கள். நூல் பிரிப்பதும் பட்டன் வைப்பதும் அவள் வேலை. அந்த வருடம் அவள் ஐந்தாம் வகுப்பு. தெருக்கோடிப் பள்ளி அதோடு முடிந்துவிடும். ஆறாம் வகுப்பு நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம். சீருடை அங்கேயும் இதே நீலம்தான். அண்ணன் அங்கேதான் படித்தான்.

புதுப் பாவாடையைக் கையில் வாங்கியதும் ஊசி அடிப்பக்கத்தைப் புரட்டிப் பார்த்தாள்.

"அம்மா, மடிப்பு விட மறந்துட்டே."

அம்மா மிஷினை நிறுத்தவில்லை. "துணி பத்தல கண்ணு."

ஊசி மேசைக்கு அடியில் நுழைந்தாள். கூட்டி அள்ளி வைத்திருந்த துண்டுகளிலிருந்து ஒரு நீளப் பட்டையை உருவினாள். "இதோ இருக்கே. ஒட்டுப் போட்டுக்கலாம். உள்பக்கம்தானே, யாருக்குத் தெரியப்போகுது."

மிஷின் நின்றது. சுவரோரம் சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பாதான் பேசினார். லோடு வண்டி ஓட்டுகிறவர். வீட்டில் இருப்பதே அபூர்வம்.

"அவ்வளவு பெரிய ரோட்டைத் தாண்டி உன்னை யாருடி கொண்டுபோய் விடுறது?"

"அண்ணன் சைக்கிள்ல போறான்ல. நான் பின்னாடி உக்காந்துக்கறேன்."

"இவளையா?" என்றான் அண்ணன். "பேசிப் பேசியே டயர்ல காத்தை இறக்கிடுவா."

அப்பா சிரித்தார். "அம்மாவுக்கு முதுகு போச்சு. கைக்கு ஒரு ஆள் வேணும். அவ என்ன படிச்சா, தைக்கலையா?"

ஊசி அம்மாவைப் பார்த்தாள். அம்மா பட்டையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை பாவாடை கொடியில் தொங்கியது. அடியில் நான்கு விரல் மடிப்பு. ஊசி கிள்ளிப் பார்த்தாள், தடிப்பாக இருந்தது. அவள் அம்மாவிடம் எதுவும் கேட்கவில்லை. அந்தக் கடையில் மடிப்புக்கு ஒரே அர்த்தம்தான்.

அண்ணனின் பழைய அறிவியல் புத்தகத்துக்கு அட்டை போட்டாள். மிச்சத் துணியை அடைத்து சைக்கிள் கேரியருக்கு ஒரு மெத்தை தைத்தாள். அம்மா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். உண்மையைச் சொல்லிவிட வாயெடுத்த ஒவ்வொரு முறையும், "நூல் எடு", "சாப்பிட வா" என்றே வந்தது.

அடுத்த வருடம் பள்ளி திறந்த அன்று, ஊசி விடிந்ததும் மடிப்பைப் பிரித்தாள். வெளுத்த பாவாடையின் அடியில் அந்தப் பட்டை மட்டும் புது நீலமாக இருந்தது. இஸ்திரி போட்டு உடுத்திக்கொண்டு வாசலுக்கு வந்தாள். அண்ணன் அவளைப் பார்த்தான். பிறகு அம்மாவைப் பார்த்தான்.

"நீ போடா," என்றாள் அம்மா.

அவன் போனான், மெத்தையோடு.

"அப்போ மடிப்பு எதுக்கும்மா வெச்சே?"

அம்மா அந்தப் புது நீலப் பட்டையைத் தொட்டுப் பார்த்தாள். "நீ அழுவியேன்னு," என்றாள்.

ஊசி அழவில்லை. உடை மாற்றவும் இல்லை. உள்ளே போய்ப் பட்டன் டப்பாவைத் திறந்தாள்.

சற்று நேரத்தில் ஒரு பெண் தன் சிறு மகளை இழுத்துக்கொண்டு அவசரமாக உள்ளே வந்தாள். "பாவாடை தைக்கணும், அளவெடுங்க," என்றவள் ஊசியைப் பார்த்தாள். "என்ன பாப்பா, யூனிஃபார்ம் போட்டுட்டு இங்க உக்காந்திருக்கே? பெல் அடிச்சிருக்குமே."

அம்மா டேப்பைத் தேடுவதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

டேப் ஊசியின் கழுத்தில்தான் இருந்தது. அவள் எழுந்து அந்தச் சிறுமியின் முன்னால் மண்டியிட்டாள். இடுப்பிலிருந்து அளந்தாள். பிறகு நிமிர்ந்து, குரலைத் தாழ்த்தாமல் கேட்டாள்.

"அடுத்த வருஷமும் உண்டாக்கா?"