இரண்டு வீட்டுக்கும் ஒரே தூரம்

ஊர் மாறி வந்ததிலிருந்து சின்னவள் தன் பெட்டியை முழுதாகப் பிரிக்கவே இல்லை. ஒரு வாரம் அக்கா வீடு, மறு வாரம் தம்பி வீடு. அக்கா நகரின் தெற்குக் கோடி, தம்பி வடக்குக் கோடி. இருவருக்கும் அவள்மேல் உயிர். தொல்லையே அதுதான்.

கணவர் இறந்த பிறகு, "தனியா அங்க என்ன பண்ணப்போற? எங்க பக்கத்துல வந்துடு" என்று இருவரும் ஒரே குரலில் கூப்பிட்டார்கள். வந்து இறங்கியதும் குரல் இரண்டாகிவிட்டது. அம்மா கடைசிவரை அக்கா வீட்டில்தான் இருந்தாள். அதற்காகத் தம்பி சொந்தக்காரர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது கொஞ்சநஞ்சமில்லை. "இப்ப நீயும் அங்கயே போயிட்டா என்னை என்னன்னு நினைப்பாங்க, சின்னக்கா?" என்று முகத்தைத் தொங்கப்போட்டான். அக்காவோ, "அவன் பொண்டாட்டி உனக்கு ஒரு வாய் காப்பி கொடுப்பாளாடி?" என்றாள். தம்பி மனைவி நன்றாகத்தான் காப்பி கொடுத்துக்கொண்டிருந்தாள்.

அக்காவின் கணவர், அத்தான்தான் வழி கண்டுபிடித்தார். கைப்பேசியில் வரைபடத்தைத் திறந்து, ஒரு விரலை இந்த வீட்டின்மேலும் இன்னொரு விரலை அந்த வீட்டின்மேலும் வைத்து, "நட்டநடுவுல பார்த்துட்டா யாருக்கும் மனவருத்தம் இல்ல பாரு" என்றார். வாழ்க்கையில் முதல்முறையாக அக்காவும் தம்பியும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனார்கள். சின்னவளை யாரும் கேட்கவில்லை.

நட்டநடுவில் இருந்தவை லாரிப் பட்டறைகள். வெயிலில் டயர் நாற்றம் தொண்டையில் வந்து உட்கார்ந்தது. முதலில் பார்த்த வீட்டில், கீழே லாரி கிளம்பும்போதெல்லாம் சமையலறை மேடை அதிர்ந்தது. "பழகிடும்மா" என்றார் தரகர். அடுத்த வீட்டில் படுக்கையறைக்கு ஜன்னலே இல்லை. "வெயில் அடிக்காது பாருங்க" என்றார் அதே தரகர். மூன்றாவது வீடு சுமாராக இருந்தது. வீட்டுக்காரர் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"எங்க வேலை பாக்கறீங்க?"

"தேடிட்டிருக்கேன்."

"கிடைச்சதும் வாங்க."

வேலை தேடிப் போன இடத்தில் இதே பாட்டைத் தலைகீழாகப் பாடினார்கள். சின்னவள் பல் செய்கிறவள். பல் மருத்துவர்கள் எடுத்தனுப்பும் அச்சைப் பார்த்துப் பீங்கானில் பல் வார்த்து, பக்கத்துப் பல்லின் நிறத்துக்கு இணையாகத் தீட்டும் வேலை. பழைய ஊரில் அவளும் கணவரும் சேர்ந்து சிறிய லேப் ஒன்று நடத்தினார்கள். மெழுகில் பல்லின் வடிவம் செதுக்குவது அவருடையது, நிறம் இவளுடையது. இந்த ஊரில் லேப்கள் எல்லாம் பல் மருத்துவமனையை ஒட்டி, கிழக்கே ஒரே தெருவில் கிடந்தன. அத்தானின் இரண்டு விரல்களுக்கும் நடுவே அந்தத் தெரு வரவில்லை.

"எங்க தங்கியிருக்கீங்க?" என்று ஒவ்வொரு லேப்பிலும் கேட்டார்கள்.

"இந்த வாரம் அக்கா வீட்டுல."

"அடுத்த வாரம்?"

உண்மையைச் சொன்னாள். சிரித்துவிட்டு, "அவசர வேலை வந்தா உங்களை எங்கன்னு போய்த் தேடறது? வீடு பார்த்ததும் சொல்லுங்க" என்றார்கள்.

தெருக்கோடியில் இருந்த லேப்பின் முதலாளிக்குப் புருவத்திலெல்லாம் அச்சு வார்க்கும் பிளாஸ்டர் தூள். அவர் கேள்வி எதுவும் கேட்காமல் தான் செய்த பல் ஒன்றை நீட்டி, "இதுக்கு இணையா ஒண்ணு செய்யுங்க, பாப்போம்" என்றார். அவள் அதை ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பகல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். செய்து முடித்ததும் அவர் இரண்டையும் உள்ளங்கையில் உருட்டினார்.

"எது என்னோடதுன்னு எனக்கே தெரியல."

"என்னோடதுல ஓரத்துல துளி சாம்பல் நிறம் சேர்த்திருக்கு. நாங்க எப்பவும் அப்படித்தான் செய்வோம்."

"நாங்கன்னா யார் யாரு?"

அவள் தூரிகையைத் துடைத்தாள். "நான்தான்."

அவர் இரண்டு பல்லையும் மேசைமேல் வைத்தார். "திங்கக்கிழமை வந்துடுங்க. ஆனா ஒண்ணு, வீடு பக்கத்துல இருக்கணும். வீடு இல்லன்னா சொல்லிடுங்க, இன்னொருத்தர் காத்திட்டிருக்கார்."

வெளியே வந்தவளுக்கு அழுகைக்குப் பதில் கோபம் வந்தது. லேப்பின் பின்சந்தில் ஒரு மாடி வீட்டில் 'வாடகைக்கு' என்று அட்டை தொங்கியது. கீழ்வீட்டு மணியை அழுத்தினாள். கதவைத் திறந்த அம்மாள் கேட்ட முதல் கேள்வி தெரிந்த கேள்விதான்.

"வேலை?"

"இந்த முன்தெரு லேப்ல."

"சேர்ந்தாச்சா?"

"வீடு கிடைச்சா சேரலாம்."

"வேலை கிடைச்சா வீடு தரலாம்."

சின்னவள் லேப்புக்குப் போன் போட்டு, ஒலிபெருக்கியை அழுத்தி, அந்த அம்மாள் கையில் திணித்தாள். "நீங்களே பேசிக்குங்க. என்னால முடியாது."

"இவங்க உங்ககிட்ட வேலை பாக்கறாங்களா?"

"நீங்க வீடு கொடுத்துட்டீங்களா?"

"நான்தானே முதல்ல கேட்டேன்?"

"ஏம்மா, நீங்க சொன்னாத்தானே நான் சொல்ல முடியும்!"

அம்மாள் சின்னவளைப் பார்த்தாள். சின்னவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரி, கொடுத்துட்டேன்னு வச்சுக்குங்க."

"அப்ப சேர்ந்துட்டாங்கன்னு வச்சுக்குங்க."

சாவி கைக்கு வந்தது. மாடியில் காலி அறையில், தரையில் உட்கார்ந்து முதலில் அக்காவைக் கூப்பிட்டாள். எல்லாம் கேட்டு முடித்ததும் அக்கா ஆரம்பித்தாள்.

"கிழக்கயா? அவ்வளவு தூரமாடி?" பிறகு குரலை இறக்கி, "அங்கேர்ந்து அவன் வீடு எவ்வளவு தூரம்?"

"உன் வீடு எவ்வளவோ அவ்வளவு."

"நல்லாத் தெரியுமா?"

"தெரியும்."

"அப்ப சரி" என்றாள் அக்கா. பாரத்தை இறக்கி வைத்தாற்போல் ஒரு மூச்சு கேட்டது.

தம்பிக்குப் போட்டாள். வேலை, வீடு எல்லாவற்றுக்கும் "ம்ம், ம்ம்" கொட்டியவன், "அங்கேர்ந்து பெரியக்கா வீடு கிட்டயோ?" என்றான்.

அவ்வளவுதான். கணவரைக் கொண்டுபோன நாளில்கூட உயராத குரல் சின்னவளிடமிருந்து வெடித்தது. "ஏன்டா, மனுஷங்களாடா நீங்க? அவ வீடு எவ்வளவு தூரம், உன் வீடு எவ்வளவு தூரம்! இங்க காத்து வருதா, தண்ணி வருதான்னு கேக்கணும்னு ஒருத்தருக்காவது தோணிச்சா?"

 திட்டு வாங்கிய பள்ளிப் பையனைப்போல் தம்பி கேட்டான், "தண்ணி வருதா, சின்னக்கா?"

அவள் சமையலறைப் பக்கம் திரும்பினாள்.  இந்த வீட்டில் அவள் எதையுமே பார்க்கவில்லை.

"தெரியலடா" என்றாள். "நானும் இன்னும் பாக்கல."

எழுந்துபோய்ச் சமையலறைக் குழாயைத் திருகினாள். அது இரண்டு முறை செருமிவிட்டுத் துரு நிறத்தில் ஒழுக ஆரம்பித்தது.

"வருது. துருத் தண்ணி."

"வாளி இருக்கா?"

"ஒண்ணுமே இல்லடா."

"நான் கொண்டு வரேன். இப்பவே கிளம்பறேன்." நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அப்புறம் கொஞ்சம் தயங்கி, "பெரியக்கா ஏதும் கொண்டு வரேன்னு சொல்லிட்டாளா?"

சின்னவள் குழாயை முழுதாகத் திறந்துவிட்டாள்.