பொய் சொல்லாத நோயாளி

மருமகள் டாக்டருக்குப் படிக்க ஆசைப்பட்டதில் தலைவருக்கு வருத்தம் இல்லை. ஒரு முறை போய்த் தோற்றுவிட்டு வந்தாளே, அதுதான் முள்ளாகத் தைத்தது.

'தலைவர்' என்பது அடுக்குமாடியில் இருப்பவர்கள் வைத்த பெயர். குடியிருப்போர் சங்கத்துக்குப் பல ஆண்டுகளாக அவர்தான் தலைவர். வீட்டிலும் அதே பதவிதான், தேர்தல் மட்டும் கிடையாது.

மருமகள் மருத்துவமனை ஆய்வகத்தில் ரத்தப் பரிசோதனை செய்பவள். ஏற்கெனவே பட்டம் வாங்கியவர்களும் சேரக்கூடிய மருத்துவப் படிப்பு இருக்கிறது என்று தெரிந்ததும், வேலைக்கும் குழந்தைக்கும் நடுவே படித்து நுழைவுத் தேர்வில் தேறினாள். சறுக்கியது நேர்காணலில். அங்கே அறைக்கு ஒரு சோதனை வைப்பார்கள். ஓர் அறையில் நடிகர் ஒருவர் நோயாளியாக உட்கார்ந்திருப்பார். அவரிடம் பேசிக் காட்ட வேண்டும். நன்றாகப் பேசுகிறீர்கள், ஆனால் காது கொடுத்துக் கேட்பதில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

இந்த ஆண்டும் நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. தலைவர் நிபந்தனை போட்டார்.

"ஒரு தடவை தோத்தா யாரும் கண்டுக்க மாட்டாங்க. ரெண்டாவது தடவையும் தோத்தா இந்தக் கட்டடத்துல நான் எப்படித் தலை நிமிர்ந்து நடக்கிறது? முதல்ல என் முன்னாடி செஞ்சு காட்டு. திருப்தியா இருந்தா போ. இல்லன்னா இந்த வருஷம் விட்டுடு."

"சரி மாமா. அப்போ நீங்கதான் நோயாளி."

"நானா? நம்ம குடும்பத்துல யாரும் வேஷம் கட்டினதில்லம்மா."

"தனியா எதுக்கு வேஷம்?" என்றாள் அவர் மனைவி சமையலறையிலிருந்து. "லேசா ஜலதோஷம் பிடிச்சாலே வீட்டை ரெண்டாக்குவீங்க. அதைச் செய்ங்க, போதும்."

தலைவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "நடிக்க மாட்டேன், பொய்யும் சொல்ல மாட்டேன். கேட்டா உள்ளதைச் சொல்லுவேன், அவ்வளவுதான்."

சனிக்கிழமை மாலை மற்றவர்களை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார்கள். இஸ்திரி போட்ட சட்டையோடு, முதுகு நாற்காலியில் படாமல் உட்கார்ந்தார் நோயாளி.

"வணக்கம் ஐயா. உடம்பு எப்படி இருக்கு?"

'ஐயா' அவருக்குப் பிடித்திருந்தது. "நல்லா இருக்கு."

"நல்லா இருக்கிறவர் எங்க இந்தப் பக்கம்?"

"வீட்ல அனுப்பினாங்க."

"சரி. காலையில மாத்திரை போட்டுக்கிட்டீங்களா?"

ரத்த அழுத்த மாத்திரையைப் பற்றி மகன் தினமும் கேட்பான், அவரும் தலையாட்டுவார். தலையாட்டுவது பொய்யில் சேராது என்பது அவர் கணக்கு. இங்கே வாயால் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

சிறுநீரகம், இதயம், பக்கவாதம் என்று இப்போது பாடம் தொடங்கப் போகிறாள் என்று பல்லைக் கடித்துக்கொண்டார். போன வருஷத்து மருமகள் அதைத்தான் செய்திருப்பாள். இவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் பேசாமல் இருந்தாள்.

"இல்ல" என்றார்.

அவள் முகம் மாறவில்லை. "ஏதாவது தொந்தரவு குடுத்துச்சா?"

"அதைப் போட்டா அடிக்கடி ஒண்ணுக்கு எழுந்து போக வேண்டி வருது. அன்னைக்குச் சங்கக் கூட்டம். நான் பேசிட்டு இருக்கேன். நடுவுல போக வேண்டியதாயிடுச்சு. மாடி வீட்டுக்காரன் சிரிச்சான், தலைவர் கூட்டத்தை விட்டே ஓடுறாருன்னு. அன்னைக்கு நிறுத்தினேன்."

"அத்தனை பேர் முன்னாடி. கஷ்டமாத்தான் இருந்திருக்கும்."

அவ்வளவுதான் சொன்னாள். அவருக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது போலிருந்தது.

"ஆனா நீங்களா நிறுத்தினது சரியில்ல ஐயா, உங்களுக்கே தெரியும். நேரத்தை மாத்தலாமா, வேற மாத்திரை இருக்கான்னு டாக்டரைக் கேப்போம். திங்கட்கிழமை போகலாமா?"

"அவர்கிட்ட இந்தச் சிரிச்ச கதையையும் சொல்லணுமா?"

"அடிக்கடி போகுதுன்னு சொன்னா போதும். மாடி வீட்டுக்காரரை அவருக்குத் தெரிய வேண்டாம்."

தலைவருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்.

பொறுக்க முடியாமல் மகன் கதவைத் திறந்தான். பின்னாலேயே அம்மா. "என்னப்பா, தேறிட்டாளா? என்ன வியாதி சொன்னீங்க?" என்றான்.

தலைவரின் முதுகு விறைத்தது. அவர் மானம் முழுக்க இப்போது மருமகளின் நாக்கு நுனியில் இருந்தது.

"நோயாளி சொன்னதை வெளியே சொல்லக் கூடாது" என்றாள் அவள்.

"நான் அவர் பையன்."

"அப்போ அவரையே கேளுங்க."

"எனக்கு மட்டுமாவது காதுல சொல்லேன்" என்றாள் மாமியார்.

"உங்களுக்கும் இல்ல அத்தை."

ஓர் அறையில் பேசியது டீ ஆறுவதற்குள் அடுத்த அறைக்குப் போய்விடும் வீடு அது. தலைவர் மருமகளை நிதானமாகப் பார்த்தார். குடும்பத்தின் பெயரை யாரிடம் விட்டுவிட்டுப் போவது என்று அவருக்கு நெடுநாளாக ஒரு கவலை இருந்தது. அது அந்த நிமிடமே விட்டுப் போனது.

"போய்ட்டு வரட்டும்" என்றார்.

"தோத்துட்டா?" என்றான் மகன்.

"அடுத்த வருஷமும் நான் இந்த நாற்காலியில உட்காருவேன். அப்புறம், திங்கட்கிழமை நானும் அவளும் ஒரு இடத்துக்குப் போறோம். எங்கன்னு யாரும் கேக்க வேண்டாம்."