தொடாத இரண்டு தட்டு

ஸ்பிரிட்டில் நனைத்த பிரஷால் பாவ்சூ அந்த எலெக்ட்ரானிக் போர்டை மறுபடியும் தேய்த்தாள். ஈரமாக இருந்தவரை பளபளவென்று இருந்தது. காய்ந்ததும், பாழாய்ப்போனது, ஈயம் வைத்த இடத்தைச் சுற்றி வெள்ளை பூத்தது. காலையிலிருந்து இதே கூத்து.

தாவ்யுவான் ஊரில் லூ முதலாளியின் பட்டறையில், ஈயம் பற்றவைத்த போர்டுகளில் ஒட்டியிருக்கும் பிசினைத் துடைத்தெடுப்பது அவள் வேலை. போர்டுகள் அடுக்கிய ஒவ்வொரு தட்டின் சீட்டிலும் அவள் பெயர் செதுக்கிய முத்திரை விழுந்தால்தான் சரக்கு வாசலைத் தாண்டும். அவள் கைக்கு அவ்வளவு மதிப்பு. அந்த மதிப்புதான் இன்றைக்கு அவளை நாற்காலியோடு கட்டிப்போட்டிருந்தது.

சீனக் கணக்கில் வருஷத்தின் கடைசி நாள். ராத்திரி ஊரே குடும்பத்தோடு உட்கார்ந்து சாப்பிடும். மகள் யீதின் ஹுவாலியன் ஊரில் நர்ஸ். சண்டையே போட்டு இந்த ஒரு ராத்திரிக்கு முறை மாற்றி வாங்கியிருந்தாள். நாளைக் காலை மறுபடி ஆஸ்பத்திரி. போன வருஷம் இதே முதலாளி, இதே கடைசி நேரச் சரக்கு; பாவ்சூவால் போக முடியவில்லை. மகள் தனியாகச் சாப்பிட்டுவிட்டுப் போனில் ஒன்றும் பேசாமல் இருந்தாள். அந்த மௌனம் பாவ்சூவுக்கு இன்னும் வலித்தது. இந்தத் தடவை ஹுவாலியன் போகும் இரண்டு மணி ரயிலுக்கு டிக்கெட் பையில் இருந்தது. அதை விட்டால் பண்டிகைக் கூட்டத்தில் நிற்கக்கூட இடம் கிடைக்காது.

வாடிக்கையாளர் கம்பெனியிலிருந்து சரக்கைச் சோதிக்க வந்திருந்த பெண் ஃபாங், பூதக்கண்ணாடி விளக்கின் கீழ் பார்த்துப் பார்த்துத் தட்டுகளைத் திருப்பி அனுப்பினாள். முதலாளியோ, இயந்திரம் மக்கர் பண்ணாமலிருக்க அதன் மேல் ராசிக்கு வைத்திருந்த பச்சை நொறுக்குத்தீனிப் பொட்டலத்தின் தேதி தாண்டிவிட்டது, அதனால்தான் இந்தப் பீடை என்று புதுசு வாங்கிவரக் கடைக்கு ஓடினார். ஓடுகிற காலுக்கு ஒரு பிரஷ் பிடிக்கத் தெரியாதா என்று பாவ்சூ பல்லைக் கடித்தாள்.

பிரஷை மாற்றினாள். துணியை மாற்றினாள். புது டப்பா ஸ்பிரிட்டை உடைத்து ஊற்றினாள். விரல் தோல் சுருங்கி எரிந்தது. வெள்ளை போகவில்லை. கண்ணில் நீர் முட்டியது. அழுகையில்லை, அத்தனையும் ஆத்திரம்.

ஒரு மணி தாண்டியதும் பிரஷை மேஜையில் எறிந்தாள். "என்னால ஆகாது முதலாளி. இன்னும் ரெண்டு தட்டு நான் தொடவேயில்ல. அதையும் சேத்து நீங்களே தேச்சுக்கங்க."

பச்சைப் பொட்டலமும் கையுமாக வந்து நின்ற லூ கெஞ்சினார். "பாவ்சூக்கா, நல்ல நாளும் அதுவுமா இப்படிச் சொல்லலாமா? ஒரே ஒரு மணி நேரம்."

அதற்குள் ஃபாங் அந்த இரண்டு தட்டையும் விளக்கடியில் இழுத்துவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தபோது அவள் முகத்தில் குழப்பம்.

"இது ரெண்டும் நல்லாத்தானே இருக்கு. இத ஏன் தொடைக்கிறீங்க? ஈயத்த மாத்தினீங்களா?"

முதலாளி தலையைச் சொறிந்தார். போன வாரம்தான் புது ஈயம் வந்தது என்றார். அதில் உள்ள பிசின் மெல்லிசாகத் தங்கிவிடும், அப்படியே விட்டுவிடலாம் என்று விற்றவன் சொன்னானாம். சொல்ல மறந்துபோச்சாம். ஃபாங் பெருமூச்சு விட்டாள். அந்தப் பிசினை ஸ்பிரிட் தொட்டுத் தேய்த்தால் அரைகுறையாகக் கரைந்து வெள்ளையாகத்தான் படியும். தேய்த்ததையெல்லாம் இனி மருந்துத் தண்ணீரில் முக்கிக் கழுவியாக வேண்டும் என்றாள்.

பாவ்சூ தான் எறிந்த பிரஷைப் பார்த்தாள். காலையிலிருந்து தேய்த்தது அழுக்கை எடுக்க இல்லை, அழுக்கை உண்டாக்க. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சாவகாசமாகக் குளித்துவிட்டுக் கிளம்பியிருப்பாள். முதலாளியின் கழுத்தை நெரிக்கலாம் போலிருந்தது.

முத்திரையைச் சிவப்பு மையில் ஒற்றி, தான் தொடாத இரண்டு தட்டின் சீட்டிலும் அழுத்திக் குத்தினாள். பிறகு முத்திரையைத் துடைத்துக் கைப்பைக்குள் போட்டாள்.

லூவுக்கு முகம் வெளுத்தது. "அக்கா, மத்த தட்டுக்கு? முத்திர இல்லாம ஒண்ணும் போகாதே!"

"போகாது. பொறுமையாக் கழுவி வைங்க. பண்டிக முடிஞ்சு வந்து பாக்கறேன்."

ரயில் நகர ஆரம்பித்த பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது. போன் அடித்தது. முதலாளி. எடுக்கவில்லை. திரும்ப அடித்தது. மகள்.

"கெளம்பிட்டியாம்மா?" குரலில் நம்பிக்கையே இல்லை.

"ரயில்ல உக்காந்திருக்கேன்டி."

மறுமுனையில் யீதின் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "அப்ப ராத்திரிக்கு ரெண்டு பேருக்கும் மீன வாங்கிடறேன்," என்றாள்.