உட்கார்கிற நர்ஸம்மா

1

இந்தக் கதை என்னுடையதில்லை. நாத்தனார் வாயைப் பிடுங்கி வாங்கியது. அவளுக்கு மருத்துவமனையில் வேலை. வீட்டுக்குக் கிளம்பும் நோயாளிகளிடம், நர்ஸ்கள் நன்றாகக் கவனித்தார்களா, ஐந்துக்கு எத்தனை மதிப்பெண் என்று கேட்டுப் படிவத்தில் எழுதுவாள். சொல்லி முடித்ததும், "கதையா எழுதித் தொலைச்சிடாதீங்க அண்ணி" என்றாள்.

எழுதுகிறேன்.

2

முதலில் இப்படி ஆரம்பித்தேன்: 'அந்த வார்டில் ஆவி உலவுவதாக ஊரெல்லாம்—'

அடித்துவிட்டேன். ஆவி என்ற சொல்லையே அவள் சொல்லவில்லை. பட்டப்பகல், பதினோரு மணி. குடல் அறுவை முடிந்த லாரி ஓட்டுநர் பையைக் கட்டிக்கொண்டே சொன்னார்:

"அந்த உக்கார்ற நர்ஸம்மாவுக்கு அஞ்சுக்கு அஞ்சு போடுங்க."

"உக்கார்ற நர்ஸா?"

"கட்டில் ஓரமா உக்காந்து, எங்க வலிக்குதுன்னு கேப்பாங்களே. அவசரமே கிடையாது."

(முப்பத்திரண்டு படுக்கைக்கு ஒரே நர்ஸ்*. அவருக்கு உட்கார ஏது நேரம்?)

அந்த மாதம் பதினொரு பேர் அதையே சொன்னார்கள். ஒருவரை ஒருவர் பார்த்தே இராதவர்கள். ஓடியாடும் நர்ஸுக்கு மட்டும் ஒன்று, இரண்டு என்று மதிப்பெண்.

*ஒப்பந்த வேலை. மதிப்பெண் மூன்றுக்குக் கீழே போனால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

3

நர்ஸ் பயந்து அலறியதாக ஒரு பத்தி எழுதினேன். நாத்தனார் சிரித்தாள். இவள் கேட்டபோது, நர்ஸ் ஊசியில் மருந்தை ஏற்றிக்கொண்டே, திரும்பாமல் பேசினாராம்.

"நீங்க பாத்திருக்கீங்களா சிஸ்டர்?"

"முதுகை மட்டும். நான் ஒரு கட்டிலுக்குப் போனா, அவ அடுத்த கட்டில்ல இருப்பா."

"பயமா இல்லையா?"

"அவ இல்லன்னா இத்தனை பேர நான் ஒருத்தி எப்படிம்மா பாக்கறது?"

(அவள் யாரென்று இங்கே முன்கதை ஒன்று வைத்திருந்தேன். பல வருஷம் முன்னால் அதே வார்டில் ஒரு... வேண்டாம். எனக்குத் தெரியாது.)

4

நாத்தனார் நல்ல மனசோடுதான் செய்தாள். பதினொரு படிவத்திலும் 'உட்கார்கிற நர்ஸம்மா'வை அடித்துவிட்டு, நர்ஸின் பெயரை எழுதி அலுவலகத்தில் கொடுத்தாள். நர்ஸின் வேலை தப்பியது.

ஒரு வாரம் கழித்து நர்ஸ் அவளை மாடிப்படியில் மறித்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"எனக்கு எப்படி அஞ்சுக்கு அஞ்சு வந்துச்சு? யார் பேர அடிச்ச?"

"உங்க நல்லதுக்குத்தான் சிஸ்டர்..."

"அன்னிக்கிலேருந்து அவளைக் காணோம். நேத்து மத்தியானம் ஜன்னலோரத்துப் பெரியவர் பெல் அடிச்சுக்கிட்டே இருந்தார். நான் அந்தக் கோடியில ஒருத்தருக்கு ரத்தம் ஏத்திக்கிட்டிருந்தேன். ஓடிப் போறதுக்குள்ள..."

வாக்கியத்தை அவரும் முடிக்கவில்லை.

"ஆபீஸ்ல போய் உண்மையச் சொல்லு. அவளுக்கு உள்ளதை அவளுக்கே எழுதிக் குடு."

"உங்க வேலை போயிடும். என் வேலையும்தான்."

"தெரியும்."

5

இரண்டு முடிவு எழுதிப் பார்த்தேன். ஒன்றில் நாத்தனார் சொல்லிவிடுகிறாள். நர்ஸ் வெளியே போகிறார். வார்டில் உட்கார ஒருத்தி இருக்கிறாள், ஊசி போட ஆளில்லை. இன்னொன்றில் வாயை மூடிக்கொள்கிறாள். பெல் அடித்துக்கொண்டே இருக்கிறது. இரண்டையும் கிழித்துப் போட்டேன்.

சற்று முன் அவள் போன் செய்தாள். அலுவலக வாசலில் நிற்கிறாளாம். "சொல்லுங்க அண்ணி, உள்ள போகட்டுமா?"

அவளைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு இதை எழுதுகிறேன். நீங்களே சொல்லிவிடுங்கள். ஆனால் நாற்காலியில் சாய்ந்து படிப்பவராகச் சொல்ல வேண்டாம். அந்த வார்டில், எழுந்திருக்க முடியாமல் படுத்திருப்பவராகச் சொல்லுங்கள்.